இத்ரிஸ் பேபாரி வாங்கிய ஓட்டுகள்

ஒரு மனுஷனுடைய ஓட்டுக்குக் காலையில் மூன்று ரூபாய் விலை. பகல் தொழுகைக்குள் ஐந்தாகிவிட்டது. சீட்டை வாங்கிக்கொண்டு திரைக்குப் பின்னால் போகிறவன், கட்சிப் பெட்டி எதிலும் போடாமல் லுங்கி மடிப்பில் செருகிக்கொண்டு வந்துவிடுவான். பள்ளிக்கூடத்துக்குப் பின்புறம், வாழை மறைவில், சணல் தரகர் இத்ரிஸ் பேபாரி அதை வாங்கிக்கொண்டு காசைக் கொடுப்பார். காசு ஆலைக்காரன் சணல் வாங்கக் கொடுத்த முன்பணம். ஆளுங்கட்சி ஜெயித்தால் வேட்பாளர் அதைத் திருப்பித் தருவார். சணல் லைசென்சும் வாங்கித் தருவார். தோற்றால் இத்ரிஸ் மறுபடி மூட்டை தூக்க வேண்டியதுதான்.

பரிசல்துறைக் கலிமுத்தீன் நோட்டை மடித்துக்கொண்டே, கேட்டது பேபாரி என்பதால்தான் கொடுத்ததாகவும், இல்லையென்றால் எதிரணியின் படகுச் சின்னப் பெட்டியில் போட்டிருப்பேன் என்றும் சொன்னான்.

"ஏண்டா, எங்க பெட்டியில எவனுமே போடலையா?"

"உப்பு சேர் பதினாறு ரூபா வித்தப்போ யாரு பாய் ஆண்டுக்கிட்டிருந்தது?"

இத்ரிஸுக்குக் கோபமும் வரவில்லை, பயமும் வரவில்லை. உடம்பு வேறு யாருடையதோ போல இருந்தது. சாவடி மூடுவதற்குச் சற்று முன் திரைக்குப் பின்னால் போனார். வாங்கிய எழுபத்து மூன்று சீட்டுகளையும் ஆளுங்கட்சிப் பெட்டியில் தள்ளினார். பேசின சரக்கு, பேசின இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மிஞ்சியது அவருடைய சொந்தச் சீட்டு. அதற்கு யாரும் விலை பேசியிருக்கவில்லை. கை அதைப் படகுப் பெட்டியில் போட்டது. அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

எண்ணிக்கை நாளில் மாகாணம் முழுக்க ஆளுங்கட்சி மண்ணைக் கவ்வியது. வேட்பாளரின் மைத்துனர் மொஃபஜ்ஜல் சௌத்ரிக்கும் அதே சாவடியில்தான் ஓட்டு. சாவடிக் கணக்கை எழுதிய காகிதத்தோடு இத்ரிஸை ஓரமாகக் கூப்பிட்டார்.

"எத்தனை வாங்கினே?"

"எழுபத்து மூணு, சாகிப்."

சௌத்ரி காகிதத்தை மறுபடியும் பார்த்தார். "அப்ப உன்னோடது?"

இத்ரிஸ் அவர் முகத்தைப் பார்த்தார்.

"உங்களோடது, சாகிப்?"

முன்பணத்தைப் பற்றி இத்ரிஸ் கேட்கவில்லை. காகிதத்தை அவர் கையில் திணித்துவிட்டுச் சௌத்ரி நடையைக் கட்டினார். படகு அறுநூற்றுப் பதினொன்று. ஆளுங்கட்சி எழுபத்து மூன்று.