கணுக்காலுக்கு ஒரு வார்

லாசரஸ் யாரைப் பார்த்தாலும் முதலில் முகத்தைப் பார்க்க மாட்டான், காலைத்தான் பார்ப்பான். பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் அவன் பேட்டர்ன் மாஸ்டர். வெளிநாட்டிலிருந்து வரும் படத்தைப் பார்த்து அட்டையில் அளவு வெட்டி, அந்த அளவைத் தோலில் வெட்டி, முதல் ஜோடி ஷூவைத் தைத்துக் காட்டுவது அவன் வேலை. கெட்டிக்காரன், அதில் சந்தேகமே கிடையாது. ஆனால் கெட்டிக்காரன் என்று மற்றவர்கள் சொல்லும் வரை அவனுக்குப் பொறுக்காது, தானே சொல்லிவிடுவான். சாயங்காலம் பல்லாவரத்தில் ரயில் ஏறினால், தாம்பரத்தில் இறங்குவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத் தன் குதிகால் எந்தப் பக்கம் தேய்கிறது, ஏன் தேய்கிறது என்பதெல்லாம் தெரிந்துபோகும். வேண்டாம் என்று அவர் பேப்பரைப் பிரித்துக்கொண்டாலும் தெரிந்துபோகும்.

அவனுக்கு ஒரே தங்கை, ஜெயசீலி. அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்த பிறகு கிழக்குத் தாம்பரத்தில் அண்ணன் வீட்டில் இருந்துகொண்டு, ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு எடுத்த டீச்சருக்குப் பதிலாக விளையாட்டு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளே பெரிய வாலிபால் ஆட்டக்காரி. நெட் ஓரமாக அவள் எழும்பினால், எதிர்ப்பக்கத்துப் பெண்கள் பந்தைத் தடுப்பதா, தலையைக் காப்பாற்றிக்கொள்வதா என்று திண்டாடுவார்கள். அவளைப் பிடித்த ஒரே சனியன் இடது கணுக்கால். எழும்பி இறங்குகிறவள் பந்தைப் பார்ப்பாளா, தரையைப் பார்ப்பாளா? நெட்டுக்கு அடியில் எவளோ ஒருத்தி நீட்டியிருக்கும் பாதத்தின் மேல் கால் விழும். பாதம் உள்பக்கமாக மடங்கும். கணுக்கால் கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிடும். ஒரு தடவை மடங்கிய கால் அடுத்த தடவைக்கு வழி தெரிந்துகொள்ளும். மூன்றாவது தடவை, மாவட்டப் போட்டியில், இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது.

அன்று பிடித்தது லாசரஸுக்குப் பைத்தியம். கடையில் விற்கும் கேன்வாஸ் ஷூ காலை மூடுமே தவிர, பிடிக்காது. கம்பெனிக்கு வருவதற்கு முன் போலியோ வந்த குழந்தைகளுக்கு பூட்ஸ் தைக்கும் பட்டறை ஒன்றில் அவன் வேலை பார்த்தவன். அங்கே வெளிப்பக்கம் சாயும் கணுக்காலை ஒரு தோல் வாரால் சுற்றி உள்பக்கம் இழுத்துக் கட்டுவார்கள். அந்த வார் அவன் ஞாபகத்துக்கு வந்தது.

முதலில் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். எருமைத் தோலை இரட்டையாக மடித்து முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே வரை சுற்றித் தைத்துவிட்டான். ஜெயசீலி அதைப் போட்டுக்கொண்டு மைதானத்தில் இரண்டு தடவை எழும்பப் பார்த்தாள்.

"அண்ணா, இது ஷூவா, மாவுக்கட்டா? குதிக்கவே விட மாட்டேங்குதே!"

அவள் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அவனுக்குத் தூக்கம் போயிற்று. கணுக்காலுக்கு இரண்டு வேலை இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. முன்னும் பின்னும் அசைவது குதிப்பதற்கு. அதை விட்டுவிட வேண்டும். பக்கவாட்டில் சாய்வதுதான் ஆளைக் கெடுக்கிறது. அதை மட்டும் பிடிக்க வேண்டும். முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் வெட்டித் தாழ்த்தினான். இரண்டு பக்கமும் தோலை உயர விட்டான். வெளிப்பக்கம் அடிப்பாகத்திலிருந்தே ஒரு வாரைக் கிளப்பி, கணுக்காலைச் சுற்றி, உள்பக்கம் பக்கிள் போட்டு மாட்டினான். ரப்பர் அடியை வெளி ஓரத்தில் அரை விரல் அகலமாக்கினான், சீக்கிரம் கவிழாமல் இருக்க.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அண்ணனும் தங்கையும் நேராக மைதானத்துக்குப் போவார்கள். அவள் குதிப்பாள், அவன் தரையோடு தரையாகப் படுத்து அவள் குதிகாலையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் மனைவி ரத்தினபாய்க்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. "கோயிலுக்குப் போட்ட சட்டையோட மண்ணுல புரள்றீங்களே, பாஸ்டரம்மா பாத்துட்டுப் போறாங்க" என்பாள். அவன் காதில் ஏறினால்தானே? வாரைக் கொஞ்சம் ஏற்றுவான், கொஞ்சம் இறக்குவான், தையலைப் பிரிப்பான், மறுபடி தைப்பான். கடைசியில் ஒரு நாள் சரியாக அமைந்தது.

அடுத்த வருஷம் முழுவதும் அவள் கால் மடங்கவில்லை. ஒரு இறுதி ஆட்டத்தில் எதிராளியின் பாதத்தின் மேலேயே இறங்கினாள். பார்த்துக்கொண்டிருந்த லாசரஸ் கண்ணை மூடிக்கொண்டுவிட்டான். கால் சாய்ந்தது, ஓர் அளவுக்கு மேல் போகாமல் நின்றது, அவள் அடுத்த பந்துக்கு ஓடினாள். ஆட்டம் முடிந்து வந்ததும், "அண்ணா, இறங்கறப்ப எனக்கு இப்ப பயமே இல்லண்ணா" என்றாள். அதுவரை அவன் செய்த அத்தனை ஷூக்களும் யாரோ முகம் தெரியாதவர்களின் காலுக்குப் போனவை.

எழுபத்தொன்றாம் வருஷம் ஓர் ஆபீஸில் பெண்கள் வாலிபால் டீம் ஆரம்பித்தார்கள். எந்த ஆபீஸ் என்று சொன்னால் வீண் வம்பு. பாரிமுனைப் பக்கம் என்ற அளவில் போதும். ஆட்டக்காரிகளுக்கு அங்கேயே குமாஸ்தா வேலை, நிரந்தரம், பென்ஷன் உண்டு. ஆட்டத்தைப் பார்த்து ஜெயசீலியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மெடிக்கல் ஒன்றுதான் பாக்கி. பள்ளிக்கூடத்தில் லீவில் போன டீச்சர் திரும்பி வரப்போகிறாள் என்பதால், இந்த வேலையை விட்டால் அவளுக்கு வேறு போக்கு இல்லை. ரத்தினபாய் கெட்டவள் அல்ல. ஆனால் அண்ணி போடும் சோறு எவ்வளவு ருசியாக இருந்தாலும் அது அண்ணி போடும் சோறுதான்.

"நான் தனியாவே போயிட்டு வந்துடறேன்" என்றாள் ஜெயசீலி.

"வயசுப் பொண்ணு டாக்டர் பரிசோதனைக்குத் தனியா போறதா? நாலு பேர் என்ன பேசுவாங்க? நான் துணைக்கு வரேன்" என்றான் லாசரஸ். அண்ணன் என்றால் அப்படித்தானே? கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டுக் கிளம்பினான்.

ரயிலில் அவள் மெல்லச் சொன்னாள்: "அண்ணா, அங்க யார் கேட்டாலும் கால் விஷயத்தை எடுக்காதீங்க. இப்ப நல்லாத்தானே இருக்கு."

"எனக்குத் தெரியாதா? நான் என்ன சின்னப் பிள்ளையா?" என்று கோபித்துக்கொண்டான். ஆனால் அவன் மடியில் இருந்த பைக்குள் அந்த ஷூ இருந்தது. யாராவது கேட்டால் காட்டலாமே என்று எடுத்து வந்திருந்தான். யாரும் கேட்காவிட்டாலும் காட்டியிருப்பான், அது வேறு விஷயம்.

டாக்டர் பார்த்தார். உயரம், எடை, நெஞ்சு, கால் எல்லாம் சரி. கண் பரிசோதனைக்கு அவளை உள்ளே அனுப்பிவிட்டு வராந்தாவுக்கு வந்தவர், டீமைக் கவனிக்கும் அதிகாரி சுப்பராயலுவிடம், "பொண்ணு பாஸ், கையெழுத்துதான் பாக்கி" என்றார். சுப்பராயலு லாசரஸைப் பார்த்துச் சிரித்தார். அவர் பார்வை பைக்குள்ளிருந்து எட்டிப் பார்த்த ஷூவின் மேல் விழுந்தது.

"இது என்ன சார், புது மாதிரியா இருக்கு?"

லாசரஸ் எடுத்து நீட்டினான். டாக்டரும் குனிந்து பார்த்தார். "போலியோ பூட்ஸ் மாதிரி இருக்கே?"

அந்த வார்த்தை அவனைச் சுருக்கென்று தைத்துவிட்டது. "போலியோவா? சார், இது என் சொந்த டிசைன். இந்தியாவிலேயே கிடையாது. கணுக்கால் உள்பக்கமா மடங்காது, ஆனா குதிக்கறதுக்குத் தடை இல்ல. தங்கச்சிக்கு அதே கால் மூணு தடவை மடங்கிச்சு சார். மூணாவது தடவை தாங்கிப் பிடிச்சுத்தான் கூட்டிட்டு வந்தாங்க. இதைப் போட்டப்புறம் ஒரு தடவைகூட இல்ல!"

"இது இல்லாம ஆடினா?"

கொஞ்சம் புத்தி இருக்கிறவன் இந்த இடத்தில் இருமலாவது இருமியிருப்பான்.

"இல்லாமலா? ஆடவே கூடாது சார். ஆடினா கால் போயிடும். அந்த அளவுக்கு இந்த ஷூ வேலை செய்யுது."

டாக்டர் நிமிர்ந்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "கால் நல்லா இருந்தா இந்த ஷூ எதுக்கு? இந்த ஷூ வேணும்னா கால் நல்லா இல்லன்னு அர்த்தம். ரெண்டுல ஒண்ணுதான் சார் நிஜமா இருக்க முடியும்."

அப்போதாவது விழித்துக்கொண்டானா? இல்லை. நல்ல காலுக்கும் இந்த ஷூ வேண்டும், மடங்குவதற்கு முன்பே போட வேண்டும் என்று வாதாட ஆரம்பித்தான். அவன் சொன்னது முழுக்க உண்மை. உண்மையை வைத்துக்கொண்டு அங்கே என்ன செய்வது? டாக்டர் உள்ளே போய்விட்டார். சுப்பராயலு மட்டும் வாரை இழுத்து இழுத்துப் பார்த்து, "ஜோடி என்ன விலை ஆகும்?" என்று கேட்டார். லாசரஸுக்கு உச்சி குளிர்ந்தது.

திரும்பும் ரயிலில் அந்தச் சந்தோஷத்திலேயே சொன்னான்: "சீலி, சுப்பராயலு சாருக்கு நம்ம ஷூ ரொம்பப் பிடிச்சுப்போச்சு."

அவள் சட்டென்று திரும்பினாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னான். சொல்லச் சொல்ல அவனுக்கே குரல் இறங்கியது. அவள் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தாம்பரம் வரை இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாயைத் திறந்த நுணலுக்கு ஒரு சேதமும் இல்லை; கெட்டது தங்கை. உடல் தகுதி இல்லை என்று பதில் வந்துவிட்டது. லாசரஸ் பாரிமுனைக்கு அலைந்தான். கெஞ்சினான். "எழுதினது எழுதினதுதான்" என்று அனுப்பிவிட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் சொன்னபடி திரும்பி வந்தாள். செங்கல்பட்டிலிருந்து பேசிக்கொண்டிருந்த வரன்காரர்களுக்கு எப்படியோ விஷயம் எட்டி, "பொண்ணுக்குக் கால்ல ஊனமாமே, சர்க்கார் டாக்டரே எழுதிட்டாராமே" என்று ஒதுங்கிக்கொண்டார்கள். தெருவில் ஓடினால் நாயைக்கூட முந்துகிற பெண்ணுக்கு ஊனமாம்! ஜெயசீலி அண்ணனை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்குச் சோறு இறங்கியிருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள். மைதானத்துப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டாள்.

ஐந்தாறு மாதம் கழித்து, பல்லாவரத்தில் சந்தை கூடும் ஒரு வெள்ளிக்கிழமை, அந்தக் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு சுப்பராயலு கம்பெனிக்கு வந்து சேர்ந்தார். அவர் டீமில் இரண்டு பெண்களுக்குக் கால் மடங்கிவிட்டது. "அந்த ஷூ செஞ்சு குடுங்க சார், எல்லாருக்கும். ஆனா ஆபீஸ்ல கேட்டா கணுக்கால் அது இதுன்னு சொல்லாதீங்க. ஃபாரின் மாடல்னு சொல்லிடலாம்." முதலாளிக்கு ஏக சந்தோஷம். லாசரஸ் மானஸ்தனாக இருந்தால் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். அவன் அளவு நாடாவை எடுத்தான்.

"தங்கச்சி வேலையில மண்ணைப் போட்டுட்டு, அந்த ஆபீசுக்கே செருப்புத் தைக்கறீங்களா?" என்று ரத்தினபாய் கேட்டாள். யார் கெட்டவள் இல்லை என்று சொன்னேனோ அவள். பேச்சு அவனுக்கு அப்போதுதான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைய ஆரம்பித்திருந்தது.

அளவு கொடுக்கப் பெண்கள் கம்பெனிக்கு வந்தார்கள். கடைசியாக உட்கார்ந்தவள் தனக்கோடி, ராயபுரத்துப் பெண். ஜெயசீலியைத் தள்ளியதால் காத்திருப்புப் பட்டியலிலிருந்து அந்த இடத்துக்கு வந்தவள். லாசரஸ் அவள் வலது குதிகாலைக் கையில் பிடித்து லேசாகச் சாய்த்தான். கீல் கழன்ற கதவு மாதிரி அது தன் போக்கில் போய்க்கொண்டே இருந்தது. எத்தனையோ தடவை மடங்கி, ஆறாமலே ஆடி, உள்ளே பிடிமானம் எல்லாம் அறுந்துபோன கால். இதைப் பார்த்தால் ஜெயசீலியின் கால் இரும்பு.

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் குனிந்து, சுப்பராயலு காதில் விழாமல் சொன்னாள்: "சார், கண்டுக்காத சார். மெடிக்கல்ல நான் ஒண்ணியும் சொல்லல. இந்த வேலைய நம்பி வூட்ல அஞ்சு பேர் கீறாங்க சார்."

அவனுக்குக் கத்த வேண்டும் போல் இருந்தது. இந்தக் கால் பாஸ், என் தங்கை கால் ஃபெயிலா? ஒரு வார்த்தை போதும், சுப்பராயலு நாலடி தள்ளித்தான் நிற்கிறார். சொன்னால் ஜெயசீலிக்கு வேலை திரும்பி வருமா? வராது. ஆனாலும் சொல்லிவிடத் துடித்தது வாய், பழகிய வாயாயிற்றே.

"என்ன சார், கால் எல்லாம் எப்படி?" என்று கேட்டுக்கொண்டே சுப்பராயலு பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் நல்ல கால் சார். ஒரு குறையும் இல்ல" என்றான் லாசரஸ்.

எவ்வளவு சுலபமாக வந்தது! ஒரு தடங்கல் இல்லை. இதே நாலு வார்த்தையைச் சொல்ல அன்றைக்கு எத்தனை நேரம் இருந்தது என்று நினைத்ததும் அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. தனக்கோடி அது தனக்காக என்று நினைத்துக் கும்பிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது ஜெயசீலி ட்யூஷன் பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவளாகவே கேட்டாள்: "என் இடத்துக்கு வந்த பொண்ணும் வந்திருந்தாளா?"

"வந்திருந்தா."

"கால் எப்படி?"

அவளிடமாவது பொய் சொல்ல வேண்டாம் என்று நினைத்தான். "உன் காலைவிட மோசம், சீலி. ரொம்ப மோசம். மெடிக்கல்ல அவ வாயே திறக்கலையாம்."

ஜெயசீலி சுருட்டிய பாயைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள்.

"துணைக்கு அண்ணன் யாரும் போகலை போலிருக்கு" என்றாள்.