கன்னத்துக் கோடு

கெஸியா பிறக்கும்போதே இடது கன்னத்தில் அந்த மச்சத்தோடுதான் பிறந்தாள். கண்ணுக்குக் கீழே ஆரம்பித்துத் தாடை வரைக்கும், ஒரு குழந்தையின் உள்ளங்கை அளவுக்குக் கறுகறுவென்று, மேலே பூனைமுடியோடு இருந்தது. கோத்தகிரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சராகச் சேர்ந்து ஏழு வருஷம் ஆகியும், ஒவ்வொரு ஜூன் மாதமும் முதல் வாரத்தில் புதுப் பிள்ளைகள் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாராவது ஒரு பிள்ளை கேட்டும்விடும். அவளும் பொறுமையாகப் பதில் சொல்லுவாள். பிள்ளைகள் அத்தோடு மறந்துவிடுவார்கள். பெரியவர்கள்தான் கேட்கவும் மாட்டார்கள், மறக்கவும் மாட்டார்கள்.

இருபத்தொன்பதாவது வயதில் அதை எடுத்துவிடுவது என்று அவள் முடிவு செய்தபோது வீட்டில் சொல்ல ஒரே ஆள்தான் இருந்தார். அப்பா தங்கையா. வீடு இருந்த கட்டபெட்டிலேயே ஒரு டீ ஃபேக்டரியில் ஃபிட்டர். அம்மா இறந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே நிறுத்திவிட்டார்.

"உனக்கு ஒரு குறைன்னு நான் என்னைக்காச்சும் சொல்லியிருக்கனா கண்ணு?"

"நீங்க சொன்னதே இல்லப்பா. அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன்."

கல்யாணத்துக்காகவா என்று அவர் கேட்கவில்லை. தெருவில் எல்லோரும் கேட்கப்போகிற கேள்வி அதுதான் என்று இருவருக்கும் தெரியும். அவளுக்கு அதில் கல்யாணக் கணக்கு எதுவும் இல்லை. போட்டோ எடுக்கும்போது யாரும் சொல்லாமலே முகத்தைத் திருப்பிக்கொள்வதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மூன்றாம் நாள் தங்கையா ஃபேக்டரியில் லீவு சொல்லிவிட்டு, கோயம்புத்தூருக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்று கேட்டார்.

டாக்டர் ஆசை காட்டிப் பேசுகிறவர் இல்லை. மச்சம் பெரியது, ஒரே தடவையில் எடுத்தால் தோல் இழுத்துக்கொள்ளும், இரண்டு தடவையாக எடுப்போம் என்றார். பிறகு பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்.

"மச்சம் போகும். அந்த இடத்துல ஒரு கோடு இருக்கும். கத்தி வெச்ச இடத்துல தடமே இல்லாம பண்ண யாராலயும் முடியாது. அந்தக் கோடு நல்லா ஆறணும்னா பாதி என் வேலை. மீதிப் பாதி உங்க வேலை."

கெஸியா தலையை ஆட்டினாள். அந்த இரண்டாவது பாதி என்ன என்று அன்றைக்கு அவளுக்குப் புரியவில்லை.

முதல் ஆபரேஷன் கிறிஸ்துமஸ் லீவில் நடந்தது. இரண்டாவது மே மாதம், கோடை விடுமுறையில். தையல் பிரிக்கக் கோயம்புத்தூர் வரைக்கும் இறங்கி வர வேண்டாம், பக்கத்திலேயே பிரித்துக்கொள்ளலாம் என்று டாக்டர் கடிதம் கொடுத்தார். அப்படித்தான் அவள் கோத்தகிரியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸிங் அறைக்குப் போனாள். அங்கே நர்ஸாக இருந்தவள் உமாராணி. நாற்பது வயதிருக்கும். பக்கத்து ஊர் அரவேணுவிலிருந்து வருகிறவள். அதிகம் சிரிக்காத முகம். ஆனால் தையலைப் பிரித்த விரல்கள் அத்தனை மெத்தென்று இருந்தன. எத்தனை தையல் போயிற்று, எத்தனை மிச்சம் என்று கெஸியாவால் எண்ணவே முடியவில்லை.

கண்ணாடியில் பார்த்தபோது மச்சம் இல்லை. சிவப்பாக ஒரு மெல்லிய கோடு மட்டும் கண்ணுக்குக் கீழிருந்து தாடைக்கு வளைந்து இறங்கியது. கெஸியா அழுதுவிட்டாள். கோட்டின்மேல் ஒட்டுகிற டேப் ஈரத்தில் பிடிக்காது என்று சொல்லி உமாராணி பஞ்சால் ஒற்றி எடுத்தாள்.

மூன்றாவது வாரம் போனபோது உமாராணி மீதிப் பாதியைச் சொல்லிக்கொடுத்தாள். காலையிலும் ராத்திரியிலும் முகத்தைக் கழுவி, ஈரம் போன பிறகு சிலிக்கான் ஜெல்லைக் கோட்டின்மேல் மட்டும் மெல்லிசாகப் பூச வேண்டும். நாளைக்கு மூன்று தடவை விரலால் அமுக்கிவிட வேண்டும். வெளியே போகுமுன் சன்ஸ்கிரீன், தலையில் விளிம்பு அகலமான தொப்பி. ஒரு வருஷத்துக்கு இதுதான் பாடு.

"இந்தக் குளிர்ல தொப்பி எதுக்குங்க சிஸ்டர்?"

"குளிருதுன்னு வெயில் சும்மா இருக்காதுங்க டீச்சர். மலை மேல வெயில் இன்னும் மோசம், உறைக்காது, ஆனா கருக்கிரும். புதுத் தழும்பு கருத்துப்போச்சுன்னா அப்புறம் லேசுல மாறாது."

பிறகு கோட்டின்மேல் விரலை வைக்கச் சொன்னாள். கெஸியாவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் அந்தக் கன்னத்தை அவள் தொட்டதே கிடையாது. சோப்புப் போடும்போதுகூட அந்தப் பக்கம் கை அவசரமாகப் போய்விட்டு வந்துவிடும். உமாராணி அவசரப்படுத்தவில்லை. தன் மணிக்கட்டிலேயே விரலை வைத்து, தேய்க்கக் கூடாது, நகம் வெளுக்கிற அளவுக்கு அமுக்கி, சின்ன வட்டமாகச் சுற்ற வேண்டும் என்று செய்துகாட்டினாள்.

"உங்க மூஞ்சிதானுங்க டீச்சர். நீங்க தொடாம வேற யாரு தொடுவாங்க?"

அன்றைக்குக் கெஸியா தொட்டாள். கயிறு மாதிரி கெட்டியாக, கொஞ்சம் சூடாக இருந்தது.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. கட்டபெட்டிலிருந்து போகிற காலை எட்டேகால் பஸ்ஸில் கண்டக்டர் மயில்சாமி அவளை ஏழு வருஷமாகப் பார்க்கிறவர். முதல் நாள் அவள் துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். கோட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வெயில் ஆகாதுங்களா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றாள். மலைப் பாதையில் வளைவுக்கு வளைவு வெயில் பக்கம் மாறும். மறுநாள் அவள் ஏறியபோது டிரைவருக்குப் பின்னால் தடுப்பை ஒட்டிய சீட்டில் அவருடைய டிக்கெட் பை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு, "இங்க உக்காருங்க டீச்சர், இங்க வெயிலே விழாது," என்றார். அதற்குப் பிறகு தினமும் அந்தப் பை அந்த சீட்டில் இருந்தது.

ஏழாவது வாரத்தில்தான் சோதனை வந்தது. கோடு ஆறுவதற்குப் பதிலாகத் தடிக்க ஆரம்பித்தது. சிவப்பு கூடியது. ராத்திரியெல்லாம் அரிப்பு. மச்சத்தைக் கொடுத்துவிட்டு இதையா வாங்கிக்கொண்டோம் என்று அவள் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு வேணி நல்ல மனசோடுதான் ஒரு கிரீமைக் கொண்டுவந்து கொடுத்தாள். தன் அண்ணன் மகளுக்கு முகத்தில் இருந்த கருப்பெல்லாம் பத்தே நாளில் போய்விட்டதாம். மருந்துக்கடையில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறதாம். கெஸியா உமாராணியிடம் கேட்கவில்லை. ஜெல்லை நிறுத்திவிட்டு அந்தக் கிரீமைப் போட்டு, சீக்கிரம் கரையட்டும் என்று அழுத்தித் தேய்த்தாள். ஆறாம் நாள் தோல் எரிந்தது. ஏழாம் நாள் தாடைப் பக்கம் கோடு பிளந்து நீர் கசிந்தது.

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு டிரஸ்ஸிங் அறையின் முன்னால் போய் நின்றாள். திட்டு விழும் என்று எதிர்பார்த்தாள். உமாராணி அந்தக் கிரீம் ட்யூபை வாங்கி, பின்பக்கத்து எழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் படித்துப் பார்த்தாள். டாக்டர் சீட்டு இல்லாமல் தொடவே கூடாத மருந்து, தோலை மெலிய வைத்துவிடும் என்றாள். அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள். புண்ணைக் கழுவி மருந்து வைத்தாள். கோயம்புத்தூர் டாக்டரை வீடியோவில் கூப்பிட்டு, செல்போனைக் கன்னத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் தழும்பு சிவந்து தடிப்பது சகஜம். பலருக்குத் தானாக அடங்கும். இவருக்குக் கொஞ்சம் அதிகமாகத் தடிக்கிற தோல். பிளந்த இடம் மூடுகிற வரைக்கும் அமுக்கக் கூடாது. மூடியதும் கோட்டுக்குள்ளேயே மாதம் ஒரு ஊசி, மூன்று மாதம்.

"கெட்டுப்போச்சுங்களா சிஸ்டர்?" என்று கெஸியா கேட்டாள்.

"கெடலைங்க. பயந்துட்டீங்க, அவ்வளவுதான். இனிமே பயமா இருந்தா கடைக்குப் போகாதீங்க, என்கிட்ட வாங்க. பஸ் விட்டு இறங்கி இங்க வந்துட்டுப் பள்ளிக்கூடம் போங்க. நானே பாத்து விடுறேன்."

முதல் ஊசிக்குக் கோயம்புத்தூர் போனபோது தங்கையாவும் கூட வந்தார். மேட்டுப்பாளையம் இறங்குகிற வரைக்கும் மகளுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே வந்தார். ஊசி கன்னத்துக்குள் இறங்கியபோது கெஸியா நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள், சத்தம் போடவில்லை. பின்னால் ஏதோ சரிகிற சத்தம் கேட்டது. தங்கையா சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். நாற்பது வருஷம் மெஷினில் கை வைத்த மனுஷர். நர்ஸ்கள் அவருக்குச் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில், "இதை யார்கிட்டயும் சொல்லிராத கண்ணு," என்றார். அவள் சிரித்தாள். தையல் பிரித்த பிறகு அவள் வாய் விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். கன்னம் இழுத்தது. இழுத்தால் இழுக்கட்டும் என்றிருந்தது.

புண் மூடிய பிறகு தினமும் காலையில் உமாராணியிடம் போனாள். பத்து நிமிஷம். உமாராணி அமுக்கிவிடுவாள், பிறகு கெஸியாவையே செய்யச் சொல்லி, விரல் எங்கே தவறுகிறது என்று பார்ப்பாள். ராத்திரி வீட்டில் கெஸியா செய்யும்போது தங்கையா எதிரில் உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்து நேரம் சொல்லுவார். ஐந்து நிமிஷம் ஆவதற்குள் அவள் கையை எடுத்தால், "இன்னும் ஒண்ணரை இருக்கு," என்பார்.

செப்டம்பரில் ஒருநாள் உமாராணி லீவு. அவளிடத்தில் இருந்த வேறொரு நர்ஸ் கெஸியாவைப் பார்த்துவிட்டு, "உங்களுக்காகத்தான் அக்கா தினமும் இருப்பாங்களா? நைட் டூட்டி எட்டு மணிக்கே முடிஞ்சிருங்களே," என்றாள்.

கெஸியா மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். இரண்டு மாதத்துக்கு மேலாக, ராத்திரி முழுக்க விழித்துவிட்டு, தூங்கப் போகாமல் முக்கால் மணி நேரம் தனக்காகக் காத்திருந்திருக்கிறாள். ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மறுநாள் கேட்டபோது, அரவேணு பஸ் ஒன்பதரைக்குத்தானே, சும்மாதான் உட்கார்ந்திருப்பேன் என்று சொல்லி உமாராணி பேச்சை மாற்றினாள். சாயந்திரம் பஸ்ஸில் மயில்சாமியிடம் கெஸியா விசாரித்தாள். அரவேணுவுக்குக் கால் மணிக்கு ஒருக்கா பஸ் இருக்குங்களே டீச்சர் என்றார் அவர்.

அதற்குப் பிறகு கெஸியா காலையில் ஃபிளாஸ்கில் காபியும், டப்பாவில் இரண்டு இட்லியும் கொண்டுபோனாள். உமாராணி வேண்டாம் என்றாள். கெஸியா டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுக் கன்னத்தைக் காட்டியபடி உட்கார்ந்துகொண்டாள். முதலில் நீங்கள் சாப்பிடுங்கள், அப்புறம் அமுக்கலாம் என்றாள். உமாராணி சிரித்ததை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள்.

மூன்றாவது ஊசிக்குப் பிறகு கோடு தட்டையாக ஆரம்பித்தது. அரிப்பு நின்றது. கிறிஸ்துமஸ் வருவதற்குள் சிவப்பு வெளிறி, ரோஜா நிறத்துக்கு இறங்கியது. அடுத்த மே மாதம் டாக்டர் விரலால் தடவிப் பார்த்தார். இனி வர வேண்டாம், சன்ஸ்கிரீன் மட்டும் விட வேண்டாம் என்றார். கோடு போகவில்லை. வெளுத்து, மெலிந்து, கன்னத்தோடு கன்னமாகக் கிடந்தது. கிட்டத்தில் வந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும். கெஸியா தலைமுடியைப் பின்னால் இழுத்துக் கட்ட ஆரம்பித்தாள்.

ஜூனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஸ்தோத்திரக் காணிக்கை. பிறந்தநாள், வீடு கட்டினது, பரீட்சையில் பாஸானது என்று அவரவர் கவரின்மேல் எழுதிக் கொடுப்பார்கள். செயலாளர் ஒவ்வொன்றாக வாசிப்பார். அப்பா ஒரு கவர் போட்டது கெஸியாவுக்குத் தெரியாது. திடீரென்று தன் பேரைக் கேட்டுத் தலை நிமிர்ந்தாள்.

"தங்கையா குடும்பம். மகள் கெஸியாவின் முகத்தில் நடந்த ஆபரேஷன் நல்லபடியாக ஆறியதற்காக. மேலும், தூங்காமல் காத்திருந்து பார்த்துக்கொண்ட நர்ஸ் உமாராணிக்காகவும், நிழலில் இடம் வைத்திருந்த கட்டபெட்டு பஸ் கண்டக்டர் மயில்சாமிக்காகவும்."

செயலாளர் கடைசிப் பேரில் ஒரு கணம் தயங்கிக் கவரை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அதையும் தெளிவாகவே வாசித்தார். சபையில் இரண்டு மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள். தங்கையா நேராக முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பெண்கள் பக்கத்திலிருந்து கெஸியாவுக்கு அவருடைய காது மட்டும்தான் தெரிந்தது. அது சிவந்திருந்தது. ஜெபம் முடிகிற வரைக்கும் அவள் கண்ணைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை காலையில் உமாராணியிடம் சொன்னபோது அவள் காபியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, "அப்பாகிட்ட நான் கேட்டதா சொல்லுங்க," என்றாள்.

மயில்சாமியிடம் சாயந்திரம் பஸ்ஸில் சொன்னாள். அவர் டிக்கெட் கிழிக்கிறதை நிறுத்திவிட்டார்.

"என்ற பேரையா? சர்ச்சுலயா? நான் என்னங்க செஞ்சேன், சீட்டுல பையத்தான வெச்சேன்."

"அதுக்குத்தாங்க அண்ணா."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு இரண்டு சீட் தாண்டிப் போனார். திரும்பி வந்தார்.

"வெறும் மயில்சாமின்னு படிச்சாங்களா டீச்சர், இல்ல கட்டபெட்டு பஸ்ஸுன்னு சொல்லிப் படிச்சாங்களா?"

"கட்டபெட்டு பஸ் கண்டக்டர் மயில்சாமின்னுதான்."

"அப்பச் சரி," என்றார். பிறகு டிரைவரிடம் குனிந்து அதைச் சொன்னார். வண்டி கட்டபெட்டு வந்து சேர்வதற்குள் பஸ் முழுக்கத் தெரிந்துவிட்டது.