வழுக்காத தரை

பதினோரு வருஷத்தில் செல்வராணி தன் வீட்டு பாத்ரூமில் ஒன்பது முறை வழுக்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது. உதடு கிழிந்தது, விலா எலும்பில் விரிசல் விட்டது, இடது காது இரண்டு வாரம் கேட்காமல் போனது எல்லாமே வழுக்கி விழுந்ததால்தான். மாசாயில் அவர்கள் இருந்த தாமான் குடியிருப்பில் பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா, "ஒங்க வீட்டுல பாசி ஜாஸ்தியா ராணி?" என்று கேட்டு ஒருநாள் பாசி கழுவ க்ளோரக்ஸ் போத்தலே கொண்டுவந்து கொடுத்தாள். ஊர் இவ்வளவு வெள்ளந்தியாக இருந்தால் காளிதாஸ் போன்றவர்களுக்குக் கொண்டாட்டம்தான்.

காளிதாஸ் அவள் புருஷன். பாசீர் கூடாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். வெளியே அவனைப்போல் சிரித்த முகம் கிடையாது. கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாகப் பந்தல் போடுவான்.

ஒன்பதாவது முறை அவள் 'விழுந்தது' இரண்டு மாதத்துக்கு முன்பு. அன்று அடி தாங்காமல் பாத்ரூமுக்குள் ஓடித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாள். அவன் கதவை எட்டி உதைத்தான். கீழ்ப்பலகை உடைந்தது, அடுத்த உதையில் தாழ்ப்பாள் திருகாணியோடு பிய்ந்து வந்தது. முடியைப் பிடித்து இழுத்ததில், குந்தும் பீங்கான் பதித்த மேடையின் விளிம்பில் அவளுடைய வலது முட்டி மோதியது. முட்டிச்சில்லு பிளந்த சத்தம் அவன் காதிலும் விழுந்திருக்கும். பிறகு அவனே காரில் ஏற்றிக்கொண்டு போனான். போகிற வழியெல்லாம், என்ன சொல்ல வேண்டும் என்று பாடம் நடத்தினான். அந்தப் பாடம் அவளுக்கு ஏற்கெனவே மனப்பாடம்.

அதற்குப்பிறகு அவளால் குந்த முடியவில்லை. காலையில் குழாயைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை நீட்டி, கண்ணில் தண்ணீர் வழிய ஒரு மனுஷி கக்கூஸ் போவது எவ்வளவு கேவலம் என்பது போனவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர், உட்காரும் கக்கூஸ் போடச் சொன்னார். தம்போயில் இருக்கும் அவள் தம்பி மதிவாணன் நேரில் வந்து தரையைப் பார்த்தான், சுவரைப் பார்த்தான், "அக்கா, இந்த பாத்ரூம்தான் ஒன்னய ஒருநாள் கொல்லப் போவுது பாரு" என்றான். அவள் ஆமாம் என்றாள். மறுவாரமே அவன் அனுப்பிய புதுப் பீங்கானும் தண்ணீர்த் தொட்டியும் பெட்டியோடு வந்து இறங்கின.

"எங்கப்பா குந்துனாரு. நான் குந்துறேன். நாக்காலியில ஒக்காந்து பேளுறதெல்லாம் பொம்பளைங்க வேல," என்றான் காளிதாஸ். "நான் இருக்கற வரைக்கும் அது உள்ள வராது."

பெட்டி மூன்று வாரம் வீட்டுப் பின்பக்கம் மழையில் ஊறியது. அவளுக்கு வேண்டியது பெரிய சொத்து ஒன்றும் இல்லை. முட்டி வலிக்காமல் உட்கார ஓர் இடம், உதைத்தால் பிய்ந்து வராத ஒரு தாழ்ப்பாள். இதுகூட இல்லாத வீட்டில் இன்னும் எத்தனை நாள் உயிரோடு இருப்போம் என்று அவள் உண்மையிலேயே பயந்தாள். அந்தச் சனிக்கிழமை அவன் காலை ஷிஃப்டுக்குப் போனதும் தம்பி சொல்லிவைத்திருந்த, குழாய் வேலை செய்யும் ஜமாலுக்குப் போன் அடித்தாள்.

ஜமால் ஒல்லியான ஆள். பேச்சு அதைவிட ஒல்லி. செருப்பைக் கழற்றிவிட்டு பாத்ரூமுக்குள் போனவன், வெறும் பாதத்தால் தரையை இரண்டு முறை தேய்த்துப் பார்த்தான்.

"ஒங்க தம்பி தரை வழுக்குதுன்னாரு. இது சொரசொரப்பு மொசைக் ஆச்சே அக்கா? சோப்புத் தண்ணி ஊத்துனாலும் வழுக்காதே."

அவன் கண் கதவுக்குப் போனது. உடைந்த கீழ்ப்பலகையை மூடி அடித்திருந்த மெல்லிய ஒட்டுப்பலகை, நிலைச்சட்டத்தில் தாழ்ப்பாள் இருந்த இடத்தில் நான்கு ஓட்டைகள். பிறகு அவளுடைய முட்டியைப் பார்த்தான். அதற்கப்புறம் தரையைப் பற்றி அவன் பேசவில்லை.

பெரிய சுத்தியலை எடுத்துப் பழைய மேடையை உடைக்க ஆரம்பித்தான். வீடே அதிர்ந்தது. ஒவ்வோர் அடிக்கும் அவள் தோள் தானாகக் குறுகியது. அது அவளுக்கே எரிச்சலாக இருந்தது. ஜமால் நிறுத்தினான்.

"ஒரு போடு போடுறீங்களா அக்கா?"

அவள் வாங்கினாள். தூக்கவே முடியாது போலிருந்த சுத்தியல் மேலே போனது. அவள் முட்டி மோதிய அதே விளிம்பில் இறங்கியது. சிமெண்டு தெறித்துக் கன்னத்தில் அடித்தது. இன்னொன்று போட்டாள். பிறகு எண்ணவில்லை. பழைய பீங்கான் இரண்டாகப் பிளந்து உள்ளே விழுந்தபோது அவளுக்கு மூச்சு இரைத்தது, வாய்விட்டு அழவும் செய்தாள். ஜமால் வெளியே போய் ஒரு சிகரெட் பிடித்துவிட்டு வந்தான்.

மத்தியானத்துக்குள் புதுப் பீங்கான் உட்கார்ந்துவிட்டது. மட்டம் பார்த்து, அடியில் சிமெண்டு கொடுத்து, சுற்றி வெள்ளைச் சிமெண்டால் வழித்துவிட்டான். பிறகு வேனிலிருந்து, இரும்புக் கேட்டுக்குப் போடும் தடித்த தாழ்ப்பாள் ஒன்றை எடுத்துவந்து, விரல் நீளத் திருகாணி வைத்துக் கதவில் முறுக்கினான். அவள் கேட்கவே இல்லை.

"இது ஒதச்சா வராது," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "அப்பறம் ஒண்ணு. சிமெண்டு காய ஒரு நாள் ஆகும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் யாரும் ஒக்காரக் கூடாது. மேல ஏறிக் குந்தவே கூடாது. நம்மாளுங்க பழக்கதோஷத்துல ஏறிக் குந்திடுவாங்க. தெப்ராவுல ஒருத்தரு அப்படி ஏறி, பீங்கான் கவுந்து ஒடஞ்சு, தொடையில பத்தொம்பது தையல். ஒடஞ்ச பீங்கான் கத்தி மாதிரி லா அக்கா."

குப்பையை நாளைக்கு வந்து அள்ளுவதாகச் சொல்லி, சுத்தியலை, உடைத்த கல்லைக் கட்டிய மூட்டைமேல் சாய்த்துவிட்டுப் போனான்.

காளிதாஸ் மூன்றரைக்கு வந்தான். கல்மூட்டையைப் பார்த்தான். பாத்ரூமை எட்டிப் பார்த்தான். திரும்பி வந்து, அவள் பின்மண்டையைப் பிடித்து ஐஸ்பெட்டிக் கதவில் மோதினான். அவன் அப்படித்தான், அடி முதலில் வரும், கேள்வி பிறகு.

"எந்தத் துக்காங்டி வந்து வேல செஞ்சான்? யாரக் கேட்டு ஒடச்ச?"

"முட்டி வலிக்குதுங்க. டாக்டர் சொன்னாரு."

கன்னத்தில் விழுந்த அடுத்த அறையில் வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் கீழே விழுந்தாள். அவன் காலை ஓங்கியபோது, அவள் கை தானாக எழுந்து முகத்தை மூடிக்கொண்டது. உதை இடுப்பில் விழுந்தது. இன்னும் நான்கைந்து விழுந்திருக்கும், அவன் வயிறு குறுக்கே வராமல் இருந்திருந்தால். கேன்டீன் பிரியாணி வேலையைக் காட்டியது. அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"இப்ப நான் எங்கடி போறது?"

"கிருஷ்ணம்மா அக்கா வீட்டுல சொல்லி வச்சிருக்கேன்."

"அடுத்தவன் வீட்டுல போயி பேளச் சொல்றியா? என்னைய?" அவளைத் தாண்டிக்கொண்டு பாத்ரூமுக்கு நடந்தான்.

தரையில் கிடந்தபடியே அவள் சொன்னாள்: "சிமெண்டு காயலங்க. நாளைக்கு வரைக்கும் ஒக்காரக் கூடாதாம்."

"நான் எதுக்குடி ஒக்காரப் போறேன்? பொம்பளையா நானு?"

அவன் ஏறித்தான் குந்துவான். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். போன தீபாவளிக்குத் தன் அக்கா மலர் வீட்டில் செருப்புக் காலோடு ஏறி, மூடியை உடைத்து, அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன். ஜமால் சொன்னதில் பாதியைத்தான் அவள் சொல்லியிருந்தாள். மீதிப் பாதி, ஏறாதீங்க என்கிற ஒரே சொல், ரத்தத்தோடு வாய்க்குள் இருந்தது. அவள் அதை விழுங்கினாள்.

"ஓ, புதுத் தாழ்ப்பாள் வேறயா? இருடி, வந்து இதப் பேத்து ஒன் தலையில போடுறேன்." இரும்புத் தாழ்ப்பாள் உள்ளே சரிந்து விழும் சத்தம் கேட்டது.

பிறகு பீங்கான் உரசியது. ஏதோ கனமாகச் சாய்ந்து உடைந்தது. உடனே ஓர் அலறல். அவனுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அவளுக்கு இத்தனை நாளும் தெரியாது.

"ராணி! ஐயோ, தொட! ரத்தம் கொட்டுது! ராணி!"

அவள் சுவரைப் பிடித்து எழுந்தாள். ஓடவில்லை. சமையலறை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கதவின் அடியில் தண்ணீர் வந்தது. முதலில் வெறும் தண்ணீர், பிறகு சிவப்பு. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். பயமாக இல்லை என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"கையெட்டல ராணி... கதவ ஒடைடி..."

இப்படியே இருந்தால் போதும் என்று தோன்றியது. எதுவும் செய்ய வேண்டாம். கொஞ்ச நேரத்தில் குரல் நின்றுவிடும். போலீஸ் கேட்டாலும், தம்பி கேட்டாலும், கிருஷ்ணம்மா கேட்டாலும் சொல்வதற்கு வார்த்தை கைவசம் இருந்தது. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். யார்தான் நம்பமாட்டார்கள்? அந்த வீட்டு பாத்ரூம் எப்படிப்பட்டது என்று மாசாய்க்கே தெரியுமே. பதினோரு வருஷம் அவள் சேர்த்து வைத்த பொய் அத்தனையும் அவளைக் காப்பாற்ற வரிசையில் நின்றது.

ஆனால், இன்னொரு தடவை அதைச் சொல்ல வேண்டும். இந்தத் தடவை சொன்னால் சாகிறவரைக்கும் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். அவன் நல்லவனாகச் செத்துப்போவான், பந்தல் போட்டவர்கள் எல்லாம் வந்து அழுவார்கள், அவள் முட்டியை உடைத்தது கடைசிவரை ஒரு தரையாகவே இருக்கும்.

"த்தூ," என்று வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினாள். நொண்டிக்கொண்டே போய்ச் சுத்தியலை எடுத்துவந்தாள்.

முதல் அடிக்குத் தாழ்ப்பாள் அசையவே இல்லை. ஜமால் வாக்குத் தவறாதவன். அவள் கீழே குறிபார்த்தாள், காளிதாஸ் உதைத்து உடைத்த இடத்தில் அடித்திருந்த ஒட்டுப்பலகைக்கு. மூன்று அடியில் அது உள்ளே விழுந்தது. படுத்து, ஓட்டை வழியே கையை மேலே விட்டுத் துழாவித் தாழ்ப்பாளை இழுத்தாள். அவன் அன்று உதைக்காமல் இருந்திருந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்காது.

உடைந்த பீங்கானுக்கும் சுவருக்கும் நடுவில், முழங்காலில் சிக்கிய கால்சட்டையோடு அவன் கிடந்தான். இடது தொடை வாயைத் திறந்திருந்தது. சுத்தியலோடு அவள் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அவன் கை தானாக எழுந்து முகத்தை மூடிக்கொண்டது.

அவள் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, துண்டால் தொடையை இறுக்கிக் கட்டி, ஆம்புலன்சைக் கூப்பிட்டாள்.

வண்டி வரும்வரை அவன் முனகிக்கொண்டிருந்தான். "கேட்டா வழுக்கி விழுந்துட்டேன்னு சொல்லு. ஏறிக் குந்துனேன்னு சொல்லாத, மானம் போயிடும். என்னா ராணி? வழுக்கிட்டேன்னு சொல்லு." அவள் துண்டை இன்னொரு சுற்று இறுக்கினாள்.

அவசரப் பிரிவில் அன்று நர்ஸ் சாந்தினி மிஸி வேலையில் இருந்தாள். செல்வராணியின் ஒன்பது சீட்டுகளில் நான்கில் எழுதியவள். கட்டிலில் கிடந்தவனைப் பார்த்துவிட்டு, வீங்கிய உதட்டோடு நின்றவளைப் பார்த்தாள்.

"இந்தத் தடவ அவரா? அதே பாத்ரூம்தானா அக்கா?"

"அதே பாத்ரூம்தான் மிஸி." காளிதாஸின் கண் தன்மேல் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. "சிமெண்டு காயாதப்ப மேல ஏறிக் குந்தி விழுந்தாரு. ஏறக் கூடாதுன்னு எனக்குத் தெரியும், வேணும்னேதான் சொல்லல. அதையும் எழுதிக்குங்க."

சாந்தினியின் பேனா நின்றது.

"ஆனா நான் அங்க ஒரு தடவகூட விழுந்ததில்ல மிஸி. அந்தத் தரை வழுக்காது."

"ராணி!" என்றான் காளிதாஸ். எழுந்திருக்கப் பார்த்தான், தொடை விடவில்லை.

சாந்தினி திரைச்சீலையை இழுத்து அவனை மறைத்தாள். புதிதாக ஒரு தாளை எடுத்துக்கொண்டு, சுவரோரம் இருந்த நாற்காலியைக் காலால் நகர்த்திவைத்தாள்.

"ஒக்காருங்க அக்கா. மொதல்லேருந்து சொல்லுங்க."

செல்வராணி முட்டியை நீட்டி உட்கார்ந்தாள்.