பன்றித் தலை வில்லை

லென்ஸைக் கண்ணில் பொருத்திக்கொண்டால் ஹார்லன் ஃபிஸ்க்குக்குக் கடவுளே தன் முன்னால் வரிசையில் நிற்பதாக நினைப்பு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் ஜனங்கள் சில்லறையைப் பதுக்கியபோது சின்சினாட்டிக் கடைக்காரர்கள் காசுக்குப் பதிலாகத் தாங்களே தங்கள் பெயர் பொறித்து அடித்துக்கொண்ட வட்டச் செப்பு வில்லைகளைத்தான் நாங்கள் சேகரிக்கிறோம். அதில் எப்போதோ செத்த கசாப்புக்காரனின் பெயரைக் கண்டால் எச்சில் ஊறும் பத்துப் பன்னிரண்டு கிழவர்கள். மாதம் ஒரு சனிக்கிழமை தேவாலயக் கூடத்தில் கூடி, ஆறிய காபியைக் குடித்தபடி, அடுத்தவன் வில்லையை மட்டம் தட்டுவோம்.

பிப்ரவரிக் கூட்டத்துக்கு லூயெல்லா வந்தாள். எங்களோடு இருபது வருஷம் உட்கார்ந்திருந்த எம்மெட்டின் மனைவி. நவம்பரில் அவன் அடக்கத்துக்கு எங்களில் ஒருவரும் போகவில்லை. மறுவாரமே அவன் சேகரிப்பைக் கேட்டு நான்கு பேர் போன் செய்தோம்.

அவள் கைப்பையிலிருந்து ஒரே ஒரு வில்லையை எடுத்து வைத்தாள். பன்றித் தலை, கீழே 1863. இதைத் தவிர உலகத்தில் இன்னும் இரண்டுதான் உண்டு. ஹார்லனின் காது மடல் சிவந்தது. குரல் மட்டும் கொட்டாவி விட்டது.

"இதுவாம்மா? தேஞ்சுபோன சரக்கு. எம்மெட் ஞாபகமா வேணா நான் வச்சுக்கறேன். பத்து டாலர் தரேன்."

"பத்தா?"

"சரி, பதினஞ்சு. உங்களுக்காகத்தான்."

லூயெல்லா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க, மெர்லின். இது வெறும் குப்பையா?"

அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஹார்லன் விட்டால் எனக்குக் கிடைக்காதா என்ற கணக்கும் உள்ளே ஓடியது. காபிக் கோப்பைக்குள் பார்த்தேன்.

"வெலயெல்லாம் எனக்கு அவ்வளவா பிடிபடாதும்மா."

அவள் சிரித்தாள். "பன்னெண்டு வருஷமா இதுக்காக நீங்க ரெண்டு பேரும் தனித்தனியா அவர் கால்ல விழுந்தீங்களாமே. ஆஸ்பத்திரியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. நான்தான் நம்பல. மனுஷங்க அவ்வளவு கேவலமா இருக்க மாட்டாங்கன்னேன்."

ஹார்லன் எழுந்துவிட்டான். "ஆயிரத்து இருநூறு! இப்பவே செக் எழுதறேன்!"

அவள் வில்லையை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். நாங்கள் ஜன்னலுக்கு ஓடினோம், ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு. அவள் காரின் முன்கண்ணாடி முழுக்க உறைபனி. லூயெல்லா கையுறையைக் கழற்றி, வில்லையை விரல்களுக்கிடையில் பிடித்து, அதன் விளிம்பால் பனியைச் சுரண்டத் தொடங்கினாள். அவசரமே இல்லை. சுரண்டிய தூள் அவள் சட்டைக் கையில் வெள்ளையாக விழுந்துகொண்டிருந்தது.