சலூனுக்குப் போகாத மூன்று மாதம்

1

ஒப்புக்கொண்டுவிடுகிறேன்: ஒரு கோணல் முடிவெட்டைப் பார்த்து நான் சிரித்ததில்தான் இந்தக் கதை பிறந்தது. எங்கள் தடத்துப் பேருந்து ஓட்டுநரின் பின்னங்கழுத்து அது. கடைசி நிறுத்தத்தில் காரணம் கேட்டேன். பாதியை அவர் சொன்னார், மீதி என் கைவேலை.

2

"அநீதிக்கு எதிராக ஒரு சாமானியன் கிளர்ந்தெழுந்த அந்த…"

(வேண்டாம். அவர் கிளர்ந்தெழவில்லை. ஒரு கடைக்குப் போவதை நிறுத்தினார், அவ்வளவுதான்.)

பதினெட்டு வருடமாக ஓட்டுநருக்கு ஒரே சலூன். ஒருநாள் அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு மனு ஒட்டியிருந்தது. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும் மணந்துகொள்ளச் சட்டம் வரக் கூடாதாம். முதல் கையெழுத்து கடைக்காரருடையது.

"நீங்களும் ஒண்ணு போடுங்கண்ணே."

ஓட்டுநருக்கு ஒரே மகள். நான்கு வருடமாக ஒரு பல் மருத்துவரோடு வாழ்கிறாள். அவரும் பெண். ஓட்டுநர் நனைந்த தலையோடு எழுந்து வந்துவிட்டார். காரணம் சொல்லவில்லை.

3

கடைக்காரரைக் கெட்டவராக்கினால் எனக்கு வேலை மிச்சம். (ஆனால் ஓட்டுநருக்கு நெஞ்சில் அறுவை சிகிச்சை நடந்தபோது, ஆஸ்பத்திரிக்கே வந்து குழாய்களுக்கு நடுவே பதமாகச் சவரம் செய்துவிட்டுப் போனவர் அவர். இதை எங்கே வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை.)

வேறு சலூனுக்குப் போக ஓட்டுநருக்கு மனம் வரவில்லை. முடி காதை மூடியது.

"என்னப்பா, சாமியாராப் போற உத்தேசமா?" என்றாள் மகள். விஷயத்தைச் சொன்னார். பல் மருத்துவர்தான் கத்தரியோடு வந்தார்.

"உக்காருங்கப்பா. எனக்குப் பல்லு மட்டும்தான் தெரியும். காது போச்சுன்னா கேக்கக் கூடாது."

"காது போனப்புறம் எங்கம்மா கேக்கறது?"

மூவரும் சிரித்த சிரிப்பில் கத்தரி கோணிவிட்டது.

4

மறுவாரம் கடைக்காரர் அந்தப் பேருந்தில் ஏறினார். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கும்வரை காத்திருந்தார்.

"மூணு மாசமா ஆளையே காணோம். என்மேல என்னண்ணே கோவம்?" அதற்குள் தொழில்காரரின் கண் கழுத்துக்குப் போய்விட்டது. "எந்தப் பாவி வெட்டினது இதை?"

"என் மருமக."

"உங்களுக்குப் பையனே இல்லையேண்ணே!"

"பொண்ணோட பொண்டாட்டி." அதுவரை அவர் யாரிடமும் சொல்லாத சொல். "அந்தத் தாளு அங்க இருக்கறவரைக்கும் நான் வரமாட்டேன். வர முடியலையேன்னு வருத்தமாத்தான் இருக்கு."

5

முடிவு ஒன்று: கடைக்காரர் கண்கலங்கி ஓடிப்போய் மனுவைக் கிழித்… (என் ஆசை. நடந்ததல்ல.)

முடிவு இரண்டு: காறித் துப்பிவிட்டு… (அதுவும் இல்லை.)

ஓட்டுநர் சொன்னது இவ்வளவுதான்: கடைக்காரர் கம்பியைப் பிடித்தபடி படியில் இறங்கினார். கீழே நின்று, முகத்தைப் பார்க்காமல், "அடுத்த தடவை கழுத்துக்கிட்ட கத்தரியைச் சாய்ச்சுப் பிடிக்கச் சொல்லுங்க, உங்க மருமகளை" என்றார்.

மனுவைப் பற்றிப் பேச்சில்லை. அந்தச் சலூன் என் வீட்டிலிருந்து இரண்டே நிறுத்தம். எட்டிப் பார்க்க எனக்குத் துணிச்சலில்லை. நீங்கள் போனால், உட்காரும் முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒருமுறை பாருங்கள். உட்காருவதா, திரும்புவதா என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.