பத்தமடை வழியாகப் போன குண்டு

அருமைநாயகம் வாத்தியார் தினமும் விடியுமுன் எழுந்து, உமிக்கரியால் பல் விளக்கி, ஒரு செம்பு நீத்தண்ணி குடித்துவிட்டு, தாம் சுட்ட குண்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்க்கப் போவார். முந்தின நாள் நட்ட குச்சியிலிருந்து கயிற்றால் அளந்து, குண்டுக்கு நேர் கீழே புதுக் குச்சி ஒன்றை நடுவார். பிறகு வீட்டுக்கு வந்து குளித்து, சட்டை மாட்டி, ஜெபம் செய்து, பள்ளிக்கூடம் போவார். மழை பெய்தால் குடை எடுத்துக்கொள்வார். குண்டு ஓர் ஆளின் மார்பளவு உயரத்தில் கிழக்கு நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தால் அது நகர்வது தெரியாது. வெற்றிலை போட்டுவிட்டு வந்து பார்த்தால் தெரியும்.

அதைச் சுட்டது 1909ஆம் வருஷம் தை மாதத்தில். அவர் பாளையங்கோட்டைக்காரர், எஃப்.ஏ. தேறியவர், பத்தமடை மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வாத்தியாராக வந்தவர். வந்த வருஷமே அந்த ஊர் இன்பமணியைக் கல்யாணம் செய்துகொண்டார். ஊருக்கு மேற்கே கன்னடியன் கால்வாய் ஓரமாக, அவளுக்கு அவள் அப்பா விட்டுப்போன வாழைத்தோட்டம் ஒன்று இருந்தது. களக்காட்டு மலையிலிருந்து இறங்கிய பன்றிகள் ஓர் ஐப்பசியில் அதில் பாதியைக் கிழங்கோடு புரட்டிப் போட்டன. தகரம் தட்டிப் பார்த்தார்கள். தீ மூட்டிப் பார்த்தார்கள். தீ வெளிச்சத்தில் பன்றிகள் இன்னும் வசதியாகத் தின்றன. ஆகவே வாத்தியார் துப்பாக்கி வாங்குவதென்று முடிவு செய்து சர்க்காருக்கு விண்ணப்பித்தார். லைசென்ஸ் வந்தது. துப்பாக்கியைப் பற்றி அவருக்கு அதுவரை எதுவும் தெரியாது. அதற்குப் பிறகும் அதிகம் தெரியவில்லை.

துப்பாக்கியைத் தொட்டே இராதவர்கள் எல்லோரும் யோசனை சொன்னார்கள். இரட்டைக்குழல் வாங்கினால் ஒன்று தவறினாலும் ஒன்று படும் என்றார் தபால்காரர். குழல் நீளமானால் குறி தவறாது என்றார் பக்கத்துத் தோட்டத்து நாறும்பூநாத பிள்ளை. வாத்தியார் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இன்பமணி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

“வாங்குததுன்னா குட்டையா வாங்குங்க. வாழைக்குள்ள நீட்டுத் துப்பாக்கிய வச்சுக்கிட்டு நீங்க திரும்புத வரைக்கும் பன்னி காத்துக்கிட்டு நிக்குமா?”

மறுநாள் அவள் தோட்டத்துக்குப் போய், இரண்டு வாழைக்கு நடுவே ஆள் நிற்கும் இடத்தை ஒரு கொச்சக்கயிற்றால் அளந்து முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். இதைவிட நீளமாக இருந்தால் வாங்க வேண்டாம் என்றாள்.

பாளையங்கோட்டைக் கடையில் அவர் முதலில் கயிற்றைத்தான் வெளியே எடுத்தார். கடைக்காரர் வெகுகாலமாகத் துப்பாக்கி விற்றவர். கயிறு கொண்டுவந்த ஆளை அன்றுதான் பார்த்தார். குழலின் அகலம், சுட்டதும் தோளில் விழும் உதை, மருந்தின் அளவு எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினார். வாத்தியார் தலையாட்டினார். தோளில் வைத்துப் பாருங்கள் என்றபோது குடையைச் சாத்துவதுபோல் சாத்திக்கொண்டார். கயிற்றுக்கு அடங்கியது ஒன்றே ஒன்றுதான். குதிரைப்படைக்காரர்கள் சேணத்தில் தொங்கவிடும் கார்பைன் என்கிற குட்டைத் துப்பாக்கி. அதுவும் முழுசாக இல்லை. குழலும் விசையும் இருந்தன, தோளில் தாங்கும் கட்டையைக் கரையான் தின்றிருந்தது. கட்டையை ஊரில் செய்துகொள்ளலாம் என்றார் கடைக்காரர். வாத்தியார் குழலை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயிலேறினார்.

பத்தமடையில் அப்போது மரவேலைக்கு ஐயம்பெருமாள் ஆசாரி இருந்தார். அவர் செய்ததெல்லாம் மாட்டு வண்டி. நுகத்தடிக்கு வைத்திருந்த வாகை மரத்தில் ஒரு துண்டை எடுத்தார். குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“செஞ்சிரலாம் வாத்தியாரய்யா. மாடு பூட்டுத இடம் மட்டும் எங்கனன்னு சொல்லிப்போடுங்க.”

கட்டை நன்றாகவே அமைந்தது. தோளில் வைத்தால் அச்சுக்குப் போடும் வண்டிமை வாசனை அடித்தது.

புதிதாக எது வந்தாலும் உபதேசியாரைக் கூப்பிட்டு ஜெபம் பண்ணின பிறகே அதைப் புழங்குவது அந்தச் சபையின் வழக்கம். வீடு, கிணறு, கறவை மாடு, தையல் மிஷின் எல்லாவற்றுக்கும் இஸ்ரவேல் உபதேசியாரிடம் ஜெபம் இருந்தது. துப்பாக்கிக்கு இல்லை. அவர் அதைச் சற்று நேரம் பார்த்தார். ஆசாரியின் வேலை என்பது தெரிந்தது. கண்ணை மூடி, புது வண்டிக்குச் செய்யும் ஜெபத்தைச் செய்தார். இது பதறாமல் போகவும், எதிரே வருகிறவன் விலக நேரம் கொடுக்கவும், நடுவழியில் நின்றுவிடாதிருக்கவும் கிருபை செய்யும் என்று கேட்டுக்கொண்டார். எல்லோரும் ஆமென் சொன்னார்கள். இன்பமணி பனங்கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள்.

பன்றி வந்தது ஒரு விடியற்காலையில். வாத்தியார் மேற்கே பார்த்து நின்றார். பன்றி அவரைச் சுற்றிக்கொண்டு ஊர்ப்பக்கம் ஓடியது. அவரும் திரும்பினார். வாழைகளுக்கு நடுவே குட்டைத் துப்பாக்கி தடையில்லாமல் திரும்பிற்று. இன்பமணியின் அளவு சரியாகவே இருந்தது. விசையை அழுத்தினார். சத்தம் கேட்டது, புகை வந்தது, தோளில் உதை விழுந்தது. புகை விலகியபோது குண்டு குழல்முனைக்கு ஒரு சாண் முன்னால் இருந்தது. பன்றி நின்று அதைப் பார்த்துவிட்டு வாய்க்காலைத் தாண்டிப் போயிற்று.

முதல் வாரத்தில் ஊர் அதைப் பிடிக்கப் பார்த்தது. கொல்லர் குறடு போட்டு இழுத்தார். குறடு அவரையும் இழுத்துக்கொண்டு கிழக்கே நகர்ந்தது. பட்டறைக் கல்லை அதன் முன்னால் தூக்கி வைத்தார்கள். காலையில் ஒரு பக்கம் நுழைந்த குண்டு மத்தியானச் சாப்பாட்டுக்குள் மறுபக்கம் வந்தது. அதற்கு மேல் யாரும் முயலவில்லை. அது ஒரு நாளைக்கு இன்பமணியின் கயிற்று நீளம் போகிறது என்பதும், நடமாடும் உயிர் எதுவானாலும் மெல்ல ஒரு தள்ளுத் தள்ளி விலக நேரம் கொடுக்கிறது என்பதும் தெரிந்துபோயின. நின்றுகொண்டே தூங்கிய எருமை ஒன்று விலாவில் தள்ளுப்பட்டு, ஓரடி நகர்ந்து நின்று மறுபடி தூங்கியது. வாழைத்தண்டுகளில் மோதிர அளவு ஓட்டை விழுந்தது, தார் வழக்கம்போல் தள்ளியது. நாறும்பூநாத பிள்ளை மட்டும் தம் தோட்டத்தில் அது நுழைந்த நாளில் வாத்தியாரைக் கூப்பிட்டு, ஊர்ப்பக்கம் பார்த்தா சுடுவது என்று கேட்டார். பன்றி ஊர்ப்பக்கம் பார்த்து ஓடியது என்றார் வாத்தியார். பிள்ளை அதை ஒத்துக்கொண்டார். பன்றிகள் அந்த வருஷத்தோடு வருவதை நிறுத்திவிட்டன.

அந்த வருஷத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாக இருந்தன. ஆராதனை முடிந்ததும் இருவரும் பொரிகடலை வாங்கிக்கொண்டு குண்டு இருக்கும் இடத்துக்குப் போவார்கள். வாய்க்காலில் தண்ணீர் நிறையப் போகும். அவள் குண்டுக்குக் கீழே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். ஆப்பம் சுட்டு இறக்கிய கல்லைப் போல் சூடாக இருக்கும். காதை வைத்தால் ஒரு வண்டு முனகுகிற மாதிரி கேட்கும் என்பாள். அவருக்குக் கேட்டதில்லை. திரும்பும்போது அவள் அதனிடம், பைய வா தம்பி, அவசரம் ஒண்ணுமில்ல என்று சொல்லிவிட்டு வருவாள். அவர்கள் வீடும் அந்த நேர்கோட்டில்தான் இருந்தது. வீட்டுக்குள் எந்த மாதம் நுழையும், எந்தச் சட்டியை எடுத்துவைக்க வேண்டும் என்றெல்லாம் அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

ஆவணியில் அவளுக்கு இருமல் வந்தது. புரட்டாசியில் இருமலோடு ரத்தம் வந்தது. பாளையங்கோட்டை டாக்டர் வாத்தியாரைத் தனியாக அழைத்து, மார்கழியைத் தாண்டாது என்றார். வாத்தியார் அதை அவளிடம் சொல்லவில்லை. அவள் அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

“அது நம்ம வீட்டுக்குள்ள வந்து போறதப் பாக்காம நான் எங்கன போகப்போறேன்?”

மார்கழி வந்தது, போயிற்று. அவள் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, பண்டிகைக்கு முறுக்குச் சுடுவதற்கு யோசனை சொன்னாள். தையிலும் இருந்தாள். டாக்டர் தம் குழாயை வைத்துப் பார்த்துவிட்டு, மூச்சு எங்கிருந்து வருகிறது என்று தமக்குத் தெரியவில்லை என்றார். வாத்தியாருக்குத் தெரிந்திருந்தது. மாசியில் குண்டு கொல்லைச் சுவரை நெருங்கியபோது, அவர் வேறு வீடு பார்க்கத் தொடங்கினார்.

பாளையங்கோட்டைக்குப் போய்விடலாம் என்று முதலில் சொன்னார். அது வராத வீட்டுக்கு நான் வரமாட்டேன் என்றாள். ஆகவே அதே நேர்கோட்டில், கிழக்கே ஒரு தெரு தள்ளி வாடகைக்கு வீடு பிடித்தார். காற்று நன்றாக வருகிற வீடு என்றார். கட்டிலோடு அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பழைய வீட்டில் குண்டு மேற்குச் சுவரில் நுழைந்து, ஆளில்லாத அறைகளைக் கடந்து, கிழக்குச் சுவர் வழியாக வெளியேறியது. சித்திரைக்குப் பிறகு இரண்டாவது வீட்டை நெருங்கியது. அதற்குக் கிழக்கே மூன்றாவது வீடு. சுவரில் விழுந்த ஓட்டைகளை வாத்தியார் ஒவ்வொரு வீட்டுக்காரருக்கும் சுண்ணாம்பு வைத்து அடைத்துக் கொடுத்தார். முன்பெல்லாம் குச்சி நடும்போது அவர் முகத்தில் ஓர் ஆர்வம் இருக்கும். இப்போது குண்டு ஒரு விரற்கடை குறைவாகவாவது வந்திருக்காதா என்று பார்க்கப் போனார். அது ஒரு நாளும் குறைந்து வரவில்லை.

1911இல் ஜில்லாவில் துப்பாக்கி வைத்திருந்தவர்களையெல்லாம் சர்க்கார் ஒரு சுற்று விசாரித்தது. அவர்கள் கேட்குமுன்பே வாத்தியார் கார்பைனை ஒப்படைத்தார். ஒரு தடவை சுட்டது என்றார். அந்தக் குண்டு எங்கே என்று அதிகாரி கேட்டார். கூட்டிப்போய்க் காட்டினார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார், கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார், கிளம்பிப் போனார்.

நாலாவது வீடு ஹமீது பீவியுடையது. கோரைப்பாய் நெய்கிற விதவை. ஊரின் கிழக்குக் கோடியில் கடைசி வீடு, அதற்கப்பால் வயல்தான். பாய்க்காரத் தெருவில் குண்டுக்காக யாரும் வேலையை நிறுத்தவில்லை. தறி தரையோடு தரையாக இருந்ததால், குண்டு தலைக்கு மேலே போக, கீழே உட்கார்ந்து நெய்தார்கள். ஹமீது பீவி கட்டிலோரம் வந்து உட்கார்ந்து கோரை கிழித்துக்கொண்டே பேசுவாள். இன்பமணி பேசுவது குறைந்துவிட்டது. ஆனாலும் ஒருநாள், வயலுக்குள் வாத்தியார் கம்பு ஊன்றி ஓலைக்குடிசை ஒன்று கட்டுவதைச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, அவரைக் கூப்பிட்டாள்.

“அதுலயும் காத்து நல்லா வருமோ?”

“வரும்” என்றார் வாத்தியார்.

“குண்டுக்குப் பயந்து குடி மாத்துன ஆளு இந்த ஜில்லாவிலயே நீங்க ஒருத்தர்தான். ஓலைக்கு மேல ஐப்பசி மழை நிக்குமா? தூக்குத கட்டில்ல நான் இனி ஏறமாட்டேன். பேசாம இங்கன உக்காருங்க.”

அவர் கையிலிருந்த அரிவாளை வைத்துவிட்டு உட்கார்ந்தார். குடிசை பாதியில் நின்றது. கொஞ்ச நாள் ஆட்டுக்காரர்கள் அதில் மழைக்கு ஒதுங்கினார்கள்.

குண்டு வந்தது அந்த வருஷம் புரட்டாசி மாதம், ஒரு புதன்கிழமை. மேற்குச் சன்னல் வழியாக அறைக்குள் வந்து, கட்டிலுக்கு இரண்டு முழம் மேலே, தலைமாட்டிலிருந்து கால்மாட்டை நோக்கிப் போயிற்று. அறையைக் கடக்க அதற்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் ஆயின. அவ்வளவு நேரமும் அவள் கண்ணைத் திறந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாத்தியார் பக்கத்திலேயே இருந்தார். பள்ளிக்கூடத்துக்குப் போகவில்லை, குச்சி நடவில்லை. அது கால்மாட்டைத் தாண்டி, வயலைப் பார்த்த வாசலுக்கு நேராக வந்தபோது, ஹமீது பீவி உள்ளே வந்து பார்த்துவிட்டு, இன்பமணியின் கண்களை மூடிவிட்டாள்.

அடக்க ஆராதனையில் இஸ்ரவேல் உபதேசியார், அவள் ஆண்டவரின் நாமத்தைச் சொல்லிக் கண்ணை மூடினாள் என்று பேசினார். சபையில் பலர் அதை நம்பினார்கள். இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். தண்ணீர் கேட்டாள் என்று பாய்க்காரத் தெருவில் சொல்கிறார்கள். குண்டைப் பார்த்து, ‘வா’ என்றாள் என்று சொல்கிறவர்களும் உண்டு. வாத்தியார் யாரையும் திருத்தவில்லை. கார்த்திகையில் பழையபடி விடியுமுன் எழுந்து குச்சி நடப் போனார். இப்போது 1916. குண்டு வயல்வெளியைக் கடந்து போய்க்கொண்டிருக்கிறது. நடுகைக்கு வரும் பெண்கள் குனிந்து நடுவதால் அவர்களுக்கு இடைஞ்சல் இல்லை. கல்யாண ஊர்வலங்கள் அந்த இடத்தில் குடையைத் தாழ்த்திப் போகின்றன. சில நாள் அதன் மேல் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருக்கும். கோபாலசமுத்திரத்துக்காரர்கள் தங்கள் ஊர்க் கோட்டில் எந்த வீடுகள் வருகின்றன என்று இப்போதே வாத்தியாரிடம் விசாரித்து, அந்தச் சுவர்களில் வாசல் வைத்துக் கட்டுகிறார்கள்.

அவள் கடைசியாகச் சொன்னது அந்தப் புதன்கிழமை காலையில்தான். குண்டு சன்னலுக்கு ஒரு சாண் வெளியே இருந்தது. வாத்தியார் சன்னல் கதவைச் சாத்தித் தாழ் போட்டு, அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டிருந்தார். முதுகுக்குப் பின்னால் மரம் சூடேறிக்கொண்டு வந்தது. அவள் அவரைப் பார்த்தாள்.

“சன்னலத் தொறந்து விடுங்க. வாடகை வீடுல்லா.”