கேத்தல் சூடு

“மேனகா, கேத்தலில தண்ணி கொதிக்க வை,” என்றான் டெரிக். தேத்தண்ணிக்கு என்றுதான் அவள் நினைத்தாள்.

ஹெந்தளைக் கோழிப்பண்ணையில் பறவைக் காய்ச்சல் வந்து, இருந்த கோழி அத்தனையையும் கொன்றாயிற்று. அவற்றை உக்க வைத்து உரமாக்குகிற கொந்தராத்து வேலை டெரிக்குடையது. ஒரு தட்டு மரத்தூள், ஒரு தட்டு கோழி என்று அடுக்கித் தண்ணீர் தெளித்து மூட வேண்டும். உள்ளே சூடு ஏறினால்தான் கிருமி சாகும். இந்த மகாராசனோ மரத்தூளில் கஞ்சத்தனம் பார்த்துக் கோழிமேல் கோழியாக அடுக்க வைத்தான். இப்படி அடுக்கினால் சூடேறாது என்று, கூலிக்கு அடுக்கின மேனகா அன்றைக்கே சொன்னாள். “நீ என்ன டொக்டரோ?” என்று கேட்டான். பதினைந்து நாளாகியும் குவியலில் சூடே ஏறவில்லை.

இன்றைக்கு மிருக வைத்தியர் ஷிராஸ் சூடு பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும், மத்தியானமே அத்தனையும் பின்பக்கத்துக் கங்குன் பாத்திக்குப் பசளையாகப் போய்விடும். கொட்டாஞ்சேனைச் சந்தைக்குப் போகிற கீரை அது. முழங்கால் தண்ணீரில் வெறுங்காலோடு நின்று அதை அறுக்கிறவள் மேனகாவின் அக்கா சீனியம்மா.

கொதித்த கேத்தலை வாங்கின டெரிக், குவியலில் சூடு பார்க்கக் கம்பி விடுகிற ஓட்டைக்குள் மடமடவென்று ஊற்றினான். அடப் பாவி! மேனகாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

சற்று நேரத்தில் வந்த ஷிராஸ், சூடு பார்க்கிற கம்பியை அதே ஓட்டையில் விட்டார். “அறுபத்திரண்டு. நல்லம்.” பேனையைத் திறந்தார்.

“சேர், கம்பிய இங்கிட்டு ஒருக்கா வுட்டுப் பாருங்க,” என்றாள் மேனகா.

“அவளுக்கு விசர், சேர். நீங்க போடுங்கோ,” என்றான் டெரிக்.

ஷிராஸ் மணிக்கூட்டைப் பார்த்தார். “எனக்கு இன்னும் நாலு பண்ணை இருக்கு, தங்கச்சி.”

அதற்குமேல் அவள் கெஞ்சவில்லை. மண்வெட்டியை எடுத்து நாலு கொத்துக் கொத்தினாள். கையுறைக் கையால் காலைப் பிடித்து இழுக்க, இறகுகூட உதிராமல் ஊதிப்போன முழுக்கோழி ஒன்று வந்தது. நாற்றம் தாங்காமல் டெரிக் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்னால் போனான். அவள் கோழியைக் கொண்டுவந்து ஷிராஸ் பிடித்திருந்த தாளின் மேலேயே வைத்தாள்.

“அது கேத்தல் தண்ணி ஊத்தின சூடு, சேர். எங்க அக்கா அந்தப் பாத்தியிலதான் நிக்கிறா. இப்பப் போடுங்க கையெழுத்து!”